கவனிக்கப்பட்டு வருகிறது

தானியங்கி பதிலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஐலா வைனிக்காவின் இத்தனை வருட ஆபீஸ் வாழ்க்கையில் அப்படி ஒன்று வந்ததே கிடையாது. சிலர் கோபித்துக்கொண்டு எழுதுவார்கள், சிலர் மேலதிகாரிக்கு எழுதுவார்கள், பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆகையால், ஏரிக்குள் நீண்டிருந்த மரத்துறையின் நுனியில் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், போன் திரையில் வந்து நின்ற அந்தச் சின்னச் செய்தி அவளை என்னவோ செய்தது.

"நன்றி. அப்படியென்றால் கவலையில்லை. ஹெல்மி ரௌத்தியோ."

வேறொன்றும் இல்லை. அதன் கீழே, எதற்கு அந்த நன்றி என்பது தெரியும்படி, ஐலாவின் பெயரில் போயிருந்த பதில் முழுதாக இருந்தது.

"வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. நான் விடுமுறையில் இருக்கிறேன். அவசரம் என்றால் என் சக ஊழியர் யோர்மாவுக்கு எழுதவும். உங்கள் விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது. நன்றி."

அந்தக் கடைசி வரி ஐலாவின் சொந்தச் சரக்கு. நகராட்சியின் வாடகை வீட்டு நிறுவனத்தில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. பழுது, கசிவு, சத்தம், தொலைந்த சாவி என்று வாடகைக்காரர்கள் எழுதும் மெயில்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. முன்பொரு கோடையில் விடுமுறை முடிந்து வந்தபோது ஒரே ஆள் ஒரே குழாயைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருந்ததைப் பார்த்து அலுத்துப்போய், அடுத்த முறை அவளாகவே அந்த வரியைச் சேர்த்தாள். நல்ல பலன் இருந்தது. படித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள். யாரும் எதையும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

யோர்மாவின் பெயரும் அந்த மாதிரிதான். நடுக்கோடைப் பண்டிகை முடிந்த கையோடு இருவருமே கிளம்பினார்கள். கடைசி நாள் மாலை, பையை மாட்டிக்கொண்டே அவன் அவளுடைய அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆட்டோ ரிப்ளைல யாரு பேரைப் போட்டிருக்க?"

"உன் பேரை."

"நல்லதாப் போச்சு. நான் உன் பேரைப் போட்டிருக்கேன். பந்து அங்கயும் இங்கயும் உருண்டுக்கிட்டே கிடக்கட்டும்."

அவன் சிரித்தான். அவளும்தான் சிரித்தாள்.

துறையின் மரப்பலகை வெயிலில் சூடேறித் தார் வாசனை அடித்தது. ஐலா கட்டைவிரலால் திரையைத் தள்ளி, எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த முதல் மெயிலுக்குப் போனாள். அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள். படித்தாள்.

"மதிப்புக்குரிய ஐலா வைனிக்கா அவர்களுக்கு. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள சௌனாவில், அந்தப் பொது நீராவிக் குளியலறையில், உடை மாற்றும் அறைக் கதவின் கைப்பிடி உள்பக்கம் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. சென்ற வாரம் வெகுநேரம் திருகிய பிறகுதான் திறந்தது. என் முறை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அதற்குள் யாரையாவது அனுப்ப முடியுமா? தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து எனக்குக் குரல் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டால் என்னால் கூப்பிட முடியாது. அதனால்தான் இந்தத் தொந்தரவு. பணிவுடன், ஹெல்மி ரௌத்தியோ."

வெள்ளிக்கிழமை என்றால் இன்று.

பராமரிப்புக் கம்பெனியின் அவசர எண் அவளுடைய போனிலேயே இருந்தது. ஒரு நிமிஷப் பேச்சு. ஒரு ஆள் போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் ஏன் கூப்பிடுகிறாய் என்று கேட்பார்களே. லீவில் ஆபீஸ் மெயிலைத் தொட்டவள் என்று தெரிந்தால் ஆபீஸே சிரிக்கும். சென்ற வருடம் அப்படி மாட்டிய ஒருத்தியின் கழுத்தில் யோர்மா அட்டையில் பதக்கம் செய்து மாட்டி, காபி வேளை முழுக்கக் கழற்றவிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கவனிக்கப்பட்டு வருகிறது என்று பதில் போன பிறகு ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது அதற்கடுத்த கேள்வி.

விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து அவள் கணவன் பென்த்தியின் குரல் வந்தது.

"அங்க என்ன பாத்துட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல. மழை வருமான்னு."

"புளுகாத. ஆபீஸ் மெயிலு. உன் முதுகைப் பாத்தாலே தெரியுது. அதைத் தூக்கி ஏரியில போட்டுட்டு வந்து தண்ணி மொண்டு வையி, அடுப்பு பத்த வச்சாச்சு."

கைப்பிடி சுற்றுகிறது என்று அந்த அம்மாளுக்கே தெரியும், ஜாக்கிரதையாக இருப்பாள் என்று ஐலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அப்படியென்றால் கவலையில்லை" என்ற வரி அதற்கு நேர்மாறாகச் சொன்னது. போனை பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

ஆறு மணிக்கு அவர்கள் தங்கள் ஏரிக்கரை சௌனாவில் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன ஜன்னல் வழியே மாலை வெயில் பகல் போலவே விழுந்தது. அவ்வளவு வடக்கே அந்த மாதத்தில் இருட்டு என்று ஒன்று வருவதில்லை. பென்த்தி அகப்பையால் அடுப்பின் சூட்டுக் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினான். கற்கள் சீறின, ஆவி கூரையைத் தொட்டுத் திரும்பித் தோள்கள்மேல் இறங்கியது, உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்திலிருந்து பச்சை வாசனை கிளம்பியது, அந்தச் சீறல் அடங்கும் இடத்தில், அதன் அடியிலிருந்து, ஐலாவுக்கு வேறொன்று கேட்டது. மரத்தில் விரல் கணு படும் சத்தம். அவசரமே இல்லாமல். யாரையும் தொந்தரவு செய்ய மனமில்லாதவர்கள் தட்டுவது போல.

"யாரோ கதவைத் தட்டறாங்க."

"யாரு இருக்கா இங்க? படகு துறையில இடிக்குது," என்றான் பென்த்தி.

காற்றே இல்லை. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது.

*

மறுநாளிலிருந்து நிறுவனத்தின் எல்லாக் கட்டடங்களிலும் சௌனாக்களுக்குக் கோடை ஓய்வு. ஜூலையில் ஊரில் யாரும் இருப்பதில்லை, எல்லோரும் ஏரிக்கரைகளில் இருப்பார்கள், வெற்று அறைகளைச் சூடாக்குவது வீண். அறிவிப்பை அச்சிட்டுக் கட்டடம் கட்டடமாக ஒட்டச் சொன்னவளே ஐலாதான். ஓய்வு முடியும்வரை அடித்தளங்களுக்கு யாரும் இறங்க மாட்டார்கள் என்ற நினைப்பு அவளுக்கு ஓரிரண்டு தடவை வந்தது. வந்தபோதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை செய்தாள். ஸ்ட்ராபெரி சுத்தம் செய்தாள். துறைக்கு வண்ணம் அடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிஸ்கட் டப்பா தகரச் சத்தத்துடன் அதிர்ந்தது.

"நன்றி. கதவு இன்னும் திறக்கவில்லை. காத்திருக்கிறேன். ஹெல்மி ரௌத்தியோ."

ஐலாவுக்கு உடம்பே லேசானது. எழுதுகிறாள். எழுதுகிறவள் வீட்டில், மேஜையருகே, காபியோடு உட்கார்ந்திருக்கிறாள். பழுது பார்க்கவில்லை என்று குத்திக்காட்டுகிறாள், அவ்வளவுதான். வயதானவர்களின் குறும்பு. அன்று ஐலா பென்த்தியோடு சிரித்துப் பேசினாள், மீன் பொரித்தாள்.

அதற்கடுத்த வெள்ளி: "நன்றி. அடுப்பு ஆறிவிட்டது. காத்திருக்கிறேன்."

அதற்கடுத்தது: "நன்றி. விளக்கு தானாக அணைந்துவிடுகிறது. காத்திருக்கிறேன்."

எழுதுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு மீதி ஜூலையை அவள் கடத்தினாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் நகத்திடுக்கில் ஏறிய மரச்செதில் போலக் குத்திக்கொண்டே இருந்தது. தானியங்கி பதில் ஒருவருக்கு ஒரே முறைதான் போகும். அடுத்து அவர் எத்தனை எழுதினாலும் பேசாமல் இருக்கும், அமைப்பே அப்படித்தான். ஹெல்மிக்கு மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போயிருந்தது. உங்கள் விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது. உங்கள் விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது.

*

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை காபி அறையில் ஏலக்காய் ரொட்டி வாசனை. எல்லோரும் வெயிலில் கருத்திருந்தார்கள். யோர்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டான். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

"கேள்விப்பட்டியா? சௌனாவுல ஒரு அம்மா. ஹெல்மி ரௌத்தியோ."

ஐலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் அடுப்பு டைமரைப் போட எலக்ட்ரீஷியன் போயிருக்கான். உடை மாத்தற ரூம் கதவைத் திறந்தா, உள்ள. ஓய்வுக்கு முன்னாடி கடைசி முறை அவங்களோடதுதானாம். ஒரு மாசமா யாரும் கீழ போகல, பாரு. கைப்பிடி கழண்டு சுத்திக்கிட்டு இருந்திருக்கு."

"எப்ப... எப்ப போச்சாம் உயிரு?"

"அன்னிக்கு சாயங்காலமேதான் இருக்கும்னு டாக்டர் சொல்றாராம். நெஞ்சு நின்னுருச்சு." யோர்மா தாடையைத் தடவினான். "நம்மகிட்ட யாராவது எழுதியிருந்தாங்களா, ஐலா? எனக்கு ஒண்ணும் வரல. உன் பெட்டியப் பாத்தியா?"

"பாக்கறேன்."

"போன் எதுவும் எடுத்துட்டுப் போகல பாவம். டேப்லெட் மாடியில, வீட்டுச் சமையலறை மேஜையிலயே கிடந்துச்சாம். வீடு பூட்டியபடி."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மெயில் பெட்டியைத் திறந்தாள். அந்த வெள்ளிக்குப் பிறகு வந்தவை எல்லாம் வரிசையாக இருந்தன, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, அடக்கமாக, கையெழுத்துப் போட்டு. வீடு பூட்டியிருந்தது. மேஜைமேல் டேப்லெட். அதைத் தொட வேண்டிய கை அடித்தளத்தில்.

யோர்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். வெறும் பயம் என்றால் காட்டியிருப்பாள். இது வெட்கம். கழுத்திலிருந்து காதுவரை ஏறிய அந்தச் சூட்டை அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைக்கூடையையும் காலி செய்தாள். பிறகு தானியங்கி பதிலை நிறுத்தினாள். நிறுத்தப்பட்டது என்று திரை சொன்னது.

மேஜைத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். குழாய் ஒழுகுகிறது என்று ஒரு ஆண் குரல். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்ல ஐலா வாயைத் திறந்தாள்.

"வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. உங்கள் விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது. நன்றி."

அவளுடைய குரல்தான். அவள் பேசும்போது இல்லாத ஒரு இதம் அதில் இருந்தது.

"மிஷினா பேசுது?" என்று மறுமுனையில் கேட்டுவிட்டு வைத்தார்கள். கதவைத் திறந்து தலை நீட்டிய யோர்மா, "இன்னும் லீவுலயே இருக்கியா நீ?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்று இரவு உணவில் பென்த்தி உப்பு கேட்டான். அதே இதமான குரலில் அவள் அவனுக்கும் பதில் சொன்னாள். அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. எழுந்து தானே உப்பை எடுத்துக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹெல்மியின் மகள் வந்தாள். காய்சு என்று பெயர். வடக்கே ஊலு நகரத்திலிருந்து ரயிலில் வந்து, நான்கு நாட்களாக அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப்பெட்டித் தூசி அவள் கைமுட்டிவரை ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மா எழுதற ஆளு. குரல் போனதுக்கப்புறம் எதுக்கெடுத்தாலும் எழுதுவா. ரொட்டி கருகிப்போயிருந்தா பேக்கரிக்காரனுக்கு ஒரு மெயிலு, பஸ் முன்னாடியே கிளம்பிட்டா டிரைவருக்கு ஒரு மெயிலு. கைப்பிடி அப்படி இருந்தது அவளுக்குத் தெரியாம இருந்திருக்காது. உங்களுக்கு எழுதலையா?"

அறையில் எங்கோ ஒரு ஈ கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல். அது வாயில் இருந்தது. அந்த நேரத்தில் வாய் அவளுடையதாகவே இருந்தது. இதை அவள் பிறகு மறுக்க முடியவில்லை. யாரும் அவளுக்காகப் பேசவில்லை.

"இல்லைங்க. எதுவும் வரல."

காய்சு தலையசைத்தாள். தோள் இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க. ரயில்ல வரும்போதெல்லாம் உங்களைத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன். யாருன்னே தெரியாம." கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "தப்புதான்."

ஐலா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சூடு காதுவரை ஏறியது.

"இன்னொரு உதவி. அம்மாவோட குளியல் வாளி இன்னும் கீழயே இருக்காம். துணி, சோப்பு எல்லாம் அதுலதான். என்னால அந்த ரூமுக்குள்ள போக முடியல. ரெண்டு தடவை படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்க எடுத்துத் தருவீங்களா?"

மறுக்க எந்த வழியும் இல்லை. ஐலா காரை எடுத்தாள்.

கட்டடம் பிர்ச் மரங்களுக்கு நடுவே வெயிலில் நின்றது. யாரோ பால்கனியில் கம்பளம் உதறினார்கள். ஒரு குழந்தை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே சுற்றியது. காய்சு கடைசிப் பெட்டியைக் கட்ட மாடிக்கு ஏறினாள். "முடிச்சுட்டு நானே கீழ வர்றேன், ரயிலுக்கு நேரமாகுது," என்றாள். ஐலா அடித்தளக் கதவைத் திறந்து, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். நேரம் ஆனால் தானே அணைந்துவிடும் விளக்கு. படியிறங்க இறங்க வெளியிலிருந்து வந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன: முதலில் சைக்கிள் மணி, பிறகு கம்பளம், கடைசியில் மிஞ்சியது அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும், ஈரக் கான்கிரீட், சலவை அறையிலிருந்து மக்கிய சோப்பு வாசனை, குழாய்களின் மெல்லிய முணுமுணுப்பு.

உடை மாற்றும் அறைக் கதவில் புதுக் கைப்பிடி பளபளத்தது. எலக்ட்ரீஷியன் போன அன்றே மாற்றிவிட்டார்கள். ஐலா அதை உள்ளேயும் வெளியேயும் மாறி மாறித் திருகிப் பார்த்தாள். கச்சிதமாகப் பிடித்தது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள்.

கழுவித் தேய்த்திருந்தார்கள். ப்ளீச் நெடி கண்ணைக் கரித்தது. அதற்குக் கீழே வேறு ஒரு வாசனையைத்தான் அவள் எதிர்பார்த்து மூச்சை அடக்கினாள். அது இல்லை. பிர்ச் இலை வாசனை இருந்தது. பச்சையாக. இன்று ஒடித்தது போல.

வாளி பெஞ்சுக்கு அடியில் இருந்தது. நீல பிளாஸ்டிக். உள்ளே சோப்புப் பெட்டி, சீப்பு, மடித்த துண்டு. அவள் குனிந்து எடுத்தாள்.

எடுத்த கையில் சூடு.

வாளி வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளறையில், நீராவி அறையின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், டிக் என்று ஒரு சத்தம். அடுப்புக் கம்பி சூடேறும் சத்தம். மறுபடி டிக். இந்தக் கட்டடத்துச் சௌனா அடுப்புக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான், போடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு.

பின்னால் கதவு மூடியது.

ஓங்கி அறையவில்லை. யாரோ மரியாதையாகச் சாத்தியது போல. அவளுடைய செருப்பு கதவுக்கு இந்தப் பக்கம், ஜோடியாக, பெஞ்சுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது.

கைப்பிடியைப் பிடித்தாள். திருகினாள்.

சுற்றியது. புதுக் கைப்பிடி. பிடிப்பில்லாமல். சுற்றிக்கொண்டே இருந்தது.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. அடித்தளத்தில் எப்போதும் கிடையாது. அதைப் பற்றிய புகார்களுக்கும் அவள்தான் பதில் எழுதியிருக்கிறாள்.

விளக்கு அணைந்தது. உள்பக்கப் பொத்தானைத் தடவினாள். ஈரச் சுவர். மறுபடி தடவினாள். அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. கண்ணாடிக் கதவில் ஆவி படிந்திருந்தது. ஆவியில், உள்பக்கத்திலிருந்து, ஒரு கை அச்சு. சின்ன கை.

அப்போது படியில் காலடி.

இறங்கி வந்தது. தயங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ஐலா? உள்ளயா இருக்கீங்க?" காய்சுவின் குரல். மிக அருகில். ஒரு பலகை மட்டும் நடுவில். "கதவு மூடியிருக்கே. மாட்டிக்கிச்சா?"

வெளியிலிருந்து திருகினால் திறக்கும். அவளிடம் சொன்னால் போதும். ஐலா கதவோடு ஒட்டிக்கொண்டாள். எல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. திறங்க. உங்க அம்மா எழுதினாங்க. எனக்குத்தான் எழுதினாங்க. அன்னிக்கே படிச்சேன். படிச்சுட்டு மூடி வச்சேன். திறங்க, எல்லாத்தையும் சொல்றேன்.

நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்தாள். கத்தினாள்.

"வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது," என்றது அவள் குரல். இதமாக. நிதானமாக. "உங்கள் விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது. நன்றி."



"ஓ. சரி. அப்படின்னா கவலையில்ல," என்றாள் காய்சு. ஒரு தயக்கம். "உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், அந்த ரூமுல நிக்கறது. பரவால்ல. நிதானமா எடுங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, வாளியை அப்புறமா அனுப்பி வையுங்க. சாவியத் தபால் ஓட்டையில போட்டுடறேன். நீங்க நல்லவங்க."

ஐலா விரல் கணுக்களால் தட்டினாள். ஓங்கித்தான் தட்டினாள். மெல்லத்தான் கேட்டது.

காலடிகள் ஏறின. மேலே கதவு திறந்தது. ஒரு கணம், எங்கோ வெகு உயரத்தில், சைக்கிள் மணி. மூடியது.

கற்கள்மேல் தண்ணீர் விழுந்து சீறியது.

அவள் திரும்பவில்லை. திரும்பாமல் நின்றாள். முதுகில் சூடு வந்து படர்ந்தது. கண்ணாடிக் கதவின் கீல் முனகியது. மேல்தட்டுப் பலகை ஒரு முறை கிறீச்சிட்டது. யாரோ எழுந்த சத்தம் அல்ல. யாரோ நகர்ந்து உட்கார்ந்த சத்தம்.

சிக்னல் இல்லாத போன் அவள் கையில் அதிர்ந்தது.

"நன்றி. பலகையில் நகர்ந்து இடம் விட்டிருக்கிறேன். ஹெல்மி ரௌத்தியோ."

விளக்கு அணைந்தது. போனின் வெளிச்சம் மட்டும் திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்குள் விழுந்தது. மேல்தட்டில், பலகைமேல் விரித்து உட்காரும், துவைத்துத் துவைத்து மெலிந்த ஒரு துணி; அதன் நடுவே ஒரு ஆள் கனத்துக்குக் குழிவு. அதற்குப் பக்கத்தில், ஓரங்களை நான்கு பக்கமும் இழுத்து நேராக்கி, சுருக்கம் இல்லாமல் விரித்து வைக்கப்பட்டிருந்தது இன்னொரு துணி. வெள்ளை. புதிது.